ஃபார்ம் போன ஆட்டக்காரரை நடு சீசனில் விட்டுவிடலாமா?

வாசகர் கேள்வி: என்பிஏ என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீகின் ஆட்டங்களைப் பல வருடங்களாகத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். என் அணியின் பெயரையும் ஆட்டக்காரரின் பெயரையும் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு வேறு திசையில் போய்விடும். அவர் 27 வயது விங், அதாவது ஓரங்களில் ஆடுபவர். நான்கு வருட ஒப்பந்தத்தில் வந்தார், இது இரண்டாவது வருடம். மூன்று சீசன்களாக மூன்று புள்ளி எறிதலில் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவது) நூற்றுக்கு 37 போட்டவர், இந்த சீசனில் 40 ஆட்டம் முடிந்தும் 30-லேயே நிற்கிறார். ஆட்டத்துக்கு ஐந்து முறை எறிகிறார். கோடையில் பெரிய பாயின்ட் கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்) ஒருவர் வந்ததிலிருந்து இவர் கைக்குப் பந்து வருவதே குறைந்துவிட்டது. கடைசி குவார்ட்டரில் பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். சொந்த அரங்கிலேயே ரசிகர்கள் கூச்சல் போடுகிறார்கள். அணி ஆறாவது இடத்தில் தள்ளாடுகிறது. அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாளான டிரேட் டெட்லைனுக்கு நான்கு வாரம் இருக்கிறது. நண்பர்கள் எல்லோரும் விற்றுவிட வேண்டும் என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. இது பாசமா, கணக்கா என்று எனக்கே புரியவில்லை. முடிவெடுக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

அன்புள்ள நண்பருக்கு,

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், நான் அவரை இப்போது விற்க மாட்டேன். அதே சமயம், இப்போது ஆடவைப்பது போலவே ஆடவைத்துக்கொண்டும் இருக்க மாட்டேன். இந்த நான்கு வாரத்தில் ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்கப் பார்ப்பேன்: கோளாறு ஆளிடம் இருக்கிறதா, அவரை நிறுத்தியிருக்கும் இடத்தில் இருக்கிறதா? அது தெரியாமல் மற்ற அணிகளோடு பேரம் பேச உட்கார்ந்தால், நாம் எதை விற்கிறோம் என்பது நமக்கே தெரியாது.

அந்த 30 சதவீதத்திலிருந்து ஆரம்பிக்கலாம். 40 ஆட்டம், ஆட்டத்துக்கு ஐந்து எறிதல், மொத்தம் 200. அவருடைய வழக்கமான 37 சதவீதத்தில் 74 விழுந்திருக்க வேண்டும். விழுந்தது 60. ஆக, நம் கையை விட்டுப் போனது 14 பந்து. புள்ளியில் சொன்னால் 42, ஆட்டத்துக்கு ஒரு புள்ளி சொச்சம். அரங்கே எழுந்து நின்று கூச்சல் போடும்போது இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. எனக்கு அது வருத்தமாகவே இருக்கும்.

அப்புறம் இன்னொரு கணக்கும் உண்டு. உண்மையிலேயே 37 சதவீதத் திறமை உள்ள ஒருவர் 200 முறை எறிந்தால், வெறும் தற்செயலாலேயே அவருடைய சதவீதம் இருபதில் பத்தொன்பது முறை 30-க்கும் 44-க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். உங்கள் ஆள் அந்த வரம்பின் அடி விளிம்பில் நிற்கிறார். அதனால் 'நேரம் சரியில்லை' என்று முழுசாகத் தள்ளிவிடவும் முடியாது, 'கை போய்விட்டது' என்று முடிவு கட்டவும் முடியாது. லீகில் 30 அணிகள், அணிக்கு 15 பேர். இத்தனை பேர் ஆடும்போது ஒவ்வொரு சீசனிலும் நாலைந்து பேர் எந்தத் தப்பும் செய்யாமலேயே இந்த விளிம்பில் வந்து நிற்பார்கள். நாம் கோபப்படுவதற்குத் தேர்ந்தெடுக்கும் ஆட்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

எந்த வருடத்தோடு ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். ஜூலியஸ் ராண்டில் 2020-21 சீசனில் நியூயார்க் நிக்ஸ் அணிக்காக மூன்று புள்ளி எறிதலில் 41 சதவீதம் போட்டார். அடுத்த சீசனில் அது 31-க்குக் கீழே இறங்கியது. சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுக்கு அணி போகவில்லை, சொந்த ரசிகர்களோடு அவருக்கு மனக்கசப்பு வேறு. விற்றுவிடு என்ற குரல் எங்கும் கேட்டது. ஆனால் அவருடைய மொத்தக் கணக்கையும் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: விதிவிலக்கு அந்த 31 இல்லை, முந்தைய வருடத்து 41-தான். நிக்ஸ் அவரை வைத்துக்கொண்டது. 2022 கோடையில் ஜேலன் பிரன்சன் வந்து பந்தைக் கொண்டுபோகும் பாரத்தை வாங்கிக்கொண்டார். 2022-23-இல் ராண்டில் ஆட்டத்துக்குச் சராசரியாக 25 புள்ளி எடுத்தார், லீகின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்கு மறுபடியும் தேர்வானார். 2024-இல் அவரையும் டான்டே டிவின்சென்சோவையும் கொடுத்துத்தான் நட்சத்திர ஆட்டக்காரர் கார்ல்-ஆன்டனி டவுன்ஸை வாங்கினார்கள். 2022 பிப்ரவரியில் கோபத்தில் விற்றிருந்தால் டவுன்ஸ் மாதிரி ஒருவரைப் பற்றிப் பேச்சே எழுந்திருக்காது.

உங்கள் ஆளுக்கு மூன்று சீசனாக 37 என்பது கொஞ்சம் உறுதியான அடித்தளம். ஒரே ஒரு நல்ல வருடத்தை நம்பி நாம் பேசவில்லை.

அடுத்து ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள். எதிரே தடுப்பவர் கிடையாது, தூரம் எப்போதும் ஒன்றுதான், அவசரமும் இல்லை. கையின் இயக்கத்திலோ மனதிலோ கோளாறு இருந்தால் பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடும். ஃப்ரீ த்ரோ பழையபடியே விழுகிறது, மூன்று புள்ளி மட்டும் விழவில்லை என்றால் எனக்குப் பாதிக் கவலை போய்விடும். இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் விரலிலோ மணிக்கட்டிலோ தோளிலோ ஏதாவது இருக்கிறதா என்று முதலில் டாக்டரைக் கேட்பேன்.

எங்கிருந்து எறிகிறார் என்பது அதற்கு அடுத்தது. கார்னரில், அதாவது ஆடுகளத்தின் மூலையில், மூன்று புள்ளிக் கோடு 22 அடி தூரத்தில் இருக்கிறது, நடுவில் 23 அடி 9 அங்குலம். எல்லாம் ஒரே மூன்று புள்ளிதான் என்று பதிவாகும், எறிகிறவருக்கு அவை இரண்டு வேறு வேலைகள். போன வருடம் கார்னரில் நின்றவரை இந்த வருடம் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால், திறமை துளியும் குறையாமலேயே சதவீதம் இறங்கும். லீகின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலேயே எந்த இடத்திலிருந்து எத்தனை, எத்தனை முறை பந்தைத் தட்டிவிட்டு எறிந்தார், தடுப்பவர் எவ்வளவு பக்கத்தில் இருந்தார் என்றெல்லாம் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். போன சீசனையும் இந்த சீசனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மாலை போதும்.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன வரிக்கு வருகிறேன். எனக்கு மொத்தக் கடிதத்திலும் அதுதான் முக்கியமாகப் பட்டது. புதிய பாயின்ட் கார்டு வந்தபிறகு இவர் கைக்குப் பந்து வருவது குறைந்துவிட்டது என்றீர்கள். சில ஆட்டக்காரர்கள் ஆறு நிமிடம் பந்தைத் தொடாமல் மூலையில் நின்றுவிட்டு, திடீரென்று வரும் பாஸை வாங்கி அப்படியே போட்டுவிடுவார்கள். அது ஒரு தனித் திறமை. வேறு சிலருக்குப் பந்து கையில் புழங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு தடவை தட்டி, ஒருவரைத் தாண்டி, ஒரு பாஸ் கொடுத்து, அந்த ஓட்டத்திலேதான் அவர்களுக்குக் கை சூடாகும். அவர்களை மூலையில் நிறுத்தினால் எறிதல் மட்டுமில்லாமல் தடுப்பாட்டத்தின் வேகமும் சோர்ந்துபோகும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது அக்கறையின்மை போலத் தெரியும்.

ஸ்பென்சர் டின்விடியின் கதை இதற்கு நல்ல உதாரணம். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து 2021-இல் வாஷிங்டனுக்குப் போனார். அங்கே எதுவும் கூடிவரவில்லை, எறிந்ததில் பத்துக்கு நாலுகூட விழவில்லை. 2022 பிப்ரவரியில் டிரேட்டில் டாலஸுக்குப் போனார். அதே ஆள், அதே முழங்கால், சில நாள் இடைவெளி, அவ்வளவுதான். அங்கே அணியின் நட்சத்திரம் லூகா டான்சிச்சுக்குப் பக்கத்தில் தெளிவான வேலை கிடைத்தது. அந்த மே மாதம் ஃபீனிக்ஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் 30 புள்ளி எடுத்து அணியை மேற்கு இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனவர்களில் அவரும் ஒருவர்.

ஆன்ட்ரூ விகின்ஸ் விஷயமும் அப்படியே. அணிகள் புதுமுகங்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2014-இன் முதல் ஆள். மினசோட்டாவில் ஆண்டுக்கணக்காக 'இவர்தான் நம்மைத் தூக்கி நிறுத்தப்போகிறார்' என்ற பாரத்தோடு ஆடினார், தூக்கி நிறுத்தவில்லை. 2020 பிப்ரவரியில் கோல்டன் ஸ்டேட் அவரை வாங்கியபோது அந்த ஒப்பந்தத்தைப் பெரிய சுமை என்றே பலரும் பேசினார்கள். ஸ்டெஃபன் கர்ரி என்ற நட்சத்திரம் இருக்கும் அணியில் அவர் தலைவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. எதிரணியின் சிறந்த விங்கைத் தடுப்பது, திறந்த எறிதலைப் போடுவது, பலகையிலிருந்து வரும் பந்தைப் பிடிப்பது என்று வேலை சுருங்கியது. 2022-இல் ஆல்ஸ்டார் ஆட்டத்தில் தொடக்க ஐவரில் ஒருவரானார், ஜூனில் கோப்பையும் கிடைத்தது. மினசோட்டா அவரோடு சேர்த்துக் கொடுத்த முதல் சுற்று பிக்கும் (டிராஃப்டில் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) ஏழாவது இடத்தில் விழுந்து ஜானதன் குமிங்காவாக கோல்டன் ஸ்டேட்டுக்கே போனது.

இந்த இரண்டு கதையையும் வாங்கியவர் பக்கமிருந்து பார்க்காமல் விற்றவர் பக்கமிருந்து பாருங்கள். கோளாறு இடத்தில் இருக்கும்போது ஆளை விற்றால், நாம் செய்திருக்க வேண்டிய பழுதுபார்ப்பை இன்னொரு அணி செய்துகொள்கிறது. அதுவும் அடிமாட்டு விலைக்கு.

இதில் சான்சி பில்லப்ஸ் கதையை என்னால் எப்போதும் மறக்க முடிவதில்லை. 1997 டிராஃப்டில் மூன்றாவதாக பாஸ்டன் எடுத்தது. 51 ஆட்டம் ஆடவிட்டார்கள். 1998 பிப்ரவரியில், முதல் சீசன்கூட முடியாத நிலையில், டொரான்டோவுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் டென்வர், ஒர்லாண்டோ, மினசோட்டா என்று ஊர் ஊராக அலைந்தார். 2002-இல் டெட்ராய்ட் வந்துசேர்ந்தார். 2004 இறுதிச் சுற்றில் லேக்கர்ஸை 4-1 என்று வீழ்த்திய அணியின் பாயின்ட் கார்டு அவர்தான், அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். 51 ஆட்டத்தை வைத்து ஓர் இளைஞனை எடைபோட்ட அவசரத்துக்கு பாஸ்டன் கொடுத்த விலை அது. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அதே 2004 டெட்ராய்ட் அணிக்குக் கோப்பையைக் கொடுத்ததில் நடு சீசன் டிரேட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. ரஷீத் வாலஸ் பிப்ரவரியில்தான் அங்கே வந்தார். டிரேட் என்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஆட்டப் பதிவுகளை ஆராயும் வேலையில் நான் இருந்த ஒரு தொழில்முறை அணியில், சீசன் நடுவே ஒரு ஃபார்வர்டை விடலாமா என்று அறிக்கை கேட்டார்கள். கடைசி 25 ஆட்டங்களின் சதவீதங்களை அடுக்கி, சரிவு தெளிவாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். விட்டுவிட்டார்கள். அவருக்கு வழக்கமாகப் பாஸ் கொடுக்கும் கார்டு அந்த 25-இல் 18 ஆட்டத்தில் காயத்தால் வெளியே இருந்தார் என்பதை நான் கவனிக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அடுத்த வருடம் எங்களுக்கு எதிராகவே அவர் ஆடியதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அறிக்கையில் என் கையெழுத்து இருக்கிறது. அன்றிலிருந்து யாராவது 'சரிவு' என்று சொன்னால், 'யாரோடு ஆடும்போது?' என்றுதான் முதலில் கேட்கிறேன்.

சரி, கோளாறு ஆளிடம்தான் என்று தெரிந்தால்? உடம்பில் அதற்கு அடையாளங்கள் இருக்கும். கூடையை நோக்கிப் பாய்வது குறைந்திருக்கும், அதனால் ஃப்ரீ த்ரோ கிடைப்பதும் குறைந்திருக்கும். தடுப்பாட்டத்தில் பக்கவாட்டில் நகரும்போது ஓரடி பின்தங்குவார். அடுத்தடுத்த நாள் ஆட்டங்களில் இரண்டாவதில் காணாமல் போவார். 27 வயதில் இது வயதின் சரிவாக இருக்க வாய்ப்பு குறைவு, மறைந்திருக்கும் காயமாக இருக்கலாம். ஆனால் நமக்குத் தெரிவது வாங்குகிற அணிக்கும் தெரியும். டிரேட் முழுமையாவதற்கு முன் அவர்களுடைய டாக்டர் பரிசோதிப்பார். 2009 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் அணி டைசன் சேண்ட்லரை ஒக்லஹோமா சிட்டிக்குக் கொடுத்தது. கால் விரலைப் பார்த்த டாக்டர்கள் வேண்டாம் என்றார்கள், டிரேட் ரத்தானது. போய்விட்டுத் திரும்பி வந்தவராக அவர் பழைய அணியிலேயே ஆட வேண்டியிருந்தது. அதே சேண்ட்லர் 2011-இல் டாலஸ் அணியில் கோப்பை வென்றார், 2012-இல் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் வாங்கினார். டாக்டர்களும் எதிர்காலத்தைப் பார்த்துவிட முடியாது.

விற்பதுதான் சரி என்று ஆகும் நேரமும் உண்டு. ஃபிலடெல்ஃபியா 2017-இல் முதல் ஆளாக எடுத்த மார்கெல் ஃபுல்ட்ஸ் இதற்கு உதாரணம். தோள் பிரச்சினையில் எறியும் விதமே மாறிப்போனது. இரண்டு சீசனில் 33 ஆட்டம்தான் ஆட முடிந்தது. கோப்பைக்குப் போட்டியிடும் அணியால் அவருக்குத் தேவையான நேரத்தையும் அமைதியையும் கொடுக்க முடியவில்லை. 2019 பிப்ரவரியில் ஒர்லாண்டோவுக்கு அனுப்பினார்கள். கைக்கு வந்தவற்றில் ஒரு முதல் சுற்று பிக் இருந்தது, அது 2020-இல் 21-வது இடத்தில் விழுந்து டைரீஸ் மேக்ஸி ஆனது. அங்கே இரண்டு நிபந்தனை பொருந்தியது: அந்த அணியில் இருந்துகொண்டே சரிசெய்ய முடியாத பிரச்சினை, அதோடு பதிலுக்கு உண்மையாகவே ஏதோ ஒன்று கிடைத்தது. உங்கள் ஆள் விஷயத்தில் முதலாவது இன்னும் நிரூபணமாகவில்லை.

இரண்டாவதை உங்கள் நண்பர்கள் யோசித்தார்களா என்று தெரியவில்லை. விற்று என்ன வாங்குவது? என்பிஏ டிரேட்டில் சம்பளத்துக்குச் சம்பளம் ஓரளவு பொருந்த வேண்டும். லீகுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையே 2023-இல் வந்த புதிய ஒப்பந்தத்துக்குப் பிறகு கெடுபிடி இன்னும் அதிகம். முதல் ஏப்ரன் என்ற செலவு வரம்பைத் தாண்டிய அணி, கொடுக்கும் சம்பளத்தைவிடக் கூடுதலாக வாங்க முடியாது. இரண்டாவது ஏப்ரனைத் தாண்டிவிட்டால் இரண்டு பேருடைய சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை வாங்கவும் வழியில்லை. கோடையில் பெரிய பாயின்ட் கார்டை எடுத்த உங்கள் அணி எந்தப் படியில் நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள். பாதி யோசனைகள் அங்கேயே அடிபட்டுப்போகும்.

உங்கள் ஆளின் ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டரை வருடம் பாக்கி. 30 சதவீதம் போடும் விங்குக்கு இப்போது இரண்டு விதமான பதில்தான் வரும். இன்னொரு அணி தன் தலைவலியை நீட்டும். அல்லது 'எடுத்துக்கொள்கிறோம், கூடவே முதல் சுற்று பிக் ஒன்று கொடுங்கள்' என்று கேட்கும். முதலாவதில் தலைவலி போய்த் திருகுவலி வரும், ஏனென்றால் அந்த ஆளின் கோளாறு எங்கே இருக்கிறது என்று நமக்குச் சுத்தமாகத் தெரியாது. இரண்டாவதில் 14 பந்து விழாததற்கு எதிர்காலத்தையே அடகு வைக்கிறோம். அடுத்தடுத்த இரண்டு வருடத்து முதல் சுற்று பிக்கையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்று லீகே விதி வைத்திருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் கிளீவ்லேண்ட் உரிமையாளர் டெட் ஸ்டெபியன் பிக்குகளை வாரி இறைத்ததால் வந்த விதி, இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. ஆறாவது இடத்தில் இருக்கும் அணி பிக்கைச் செலவழிப்பதாக இருந்தால், ஆளை வாங்கச் செலவழிக்கட்டும், ஆளை அனுப்பச் செலவழிக்க வேண்டாம்.

ஜூன் கடைசி வரை காத்திருந்தால் பேரத்தின் நிறமே மாறும். அப்போது ஒப்பந்தத்தில் இரண்டே வருடம்தான் இருக்கும், நிறைய அணிகள் தங்கள் அமைப்பை மாற்றிக்கொண்டிருக்கும். அடுத்த 42 ஆட்டத்தில் அவர் 35, 36 சதவீதத்துக்குத் திரும்பிவிட்டால் கேட்கும் குரல்களும் வேறாக இருக்கும்.

அதனால் என் கையில் இருந்தால் இந்த நான்கு வாரம் இப்படிப் போகும். அவரைத் தொடக்க ஐவரிலிருந்து எடுத்துவிட்டு, பாயின்ட் கார்டு ஓய்வெடுக்கும் நேரத்தில் இரண்டாம் வரிசையோடு இறக்குவேன், பந்தை அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். எதற்காக இப்படிச் செய்கிறோம் என்பதை கோச் அவரிடம் நேரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் செய்தால் தண்டனை என்றே எடுத்துக்கொள்வார். பதினைந்து ஆட்டம் போதும். சதவீதத்தை நான் பார்க்கவே மாட்டேன், அதற்கு அத்தனை சிறிய எண்ணிக்கை பத்தாது. கூடையை நோக்கி எத்தனை முறை பாய்கிறார், அவர் ஆட்டத்தில் இருக்கும் நிமிடங்களில் மற்றவர்களுக்கு எவ்வளவு எளிய எறிதல் கிடைக்கிறது, தடுப்பாட்டத்தில் கால் நகர்கிறதா, இவற்றை மட்டும் பார்ப்பேன். இவை உயர்ந்தால் டெட்லைனன்று போனை எடுக்க மாட்டேன். உயராமல், பிக் எதுவும் சேர்த்துக் கேட்காமல், நம் தேவைக்குப் பொருந்தும் ஓர் ஆளை யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். இரண்டும் இல்லையென்றால் கோடை வரை பொறுப்பேன்.

பாசமா கணக்கா என்று கேட்டிருந்தீர்கள். இந்த முறை இரண்டும் ஒரே பக்கம்தான் நிற்கின்றன, அதனால் மனசு வராததற்காகச் சங்கடப்பட வேண்டாம். டிரேட் நடந்தால் 48 மணி நேரத்தில் புது ஊரில் போய் நிற்க வேண்டிய மனிதர் அவர். குடும்பம் பின்னால் வந்துசேரும். அதை நினைத்துப் பார்க்கிற ரசிகர் இருப்பது நல்லதுதான்.

அடுத்த ஆட்டத்தில் ஸ்கோரை விட்டுவிட்டு இரண்டாவது குவார்ட்டரின் முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் பாருங்கள். பாயின்ட் கார்டு பெஞ்சுக்குப் போனதும் பந்தை மேலே கொண்டுவருவது யார், உங்கள் ஆள் அப்போது எங்கே நிற்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்போதும் அவர் மூலையில்தான் நிற்கிறார் என்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், கோச்சைப் பற்றி அடுத்த கடிதத்தில் பேசுவோம்.